வியட்நாமில் சைக்கிள்: ஹனோய் முதல் சைகோன் வரை, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

2025 பிப்ரவரி 12 அன்று ஹனோயில் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தேன். மார்ச் 21 அன்று சைகோனில் இறங்கினேன். அதன் அரசாங்கப் பெயர் ஹோ சி மின் நகரம். ஆனால் ஊர்க்காரர்களே சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். திரும்பி வந்ததிலிருந்து கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் போனிலும் ஒரே கேள்விகள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதிவிட்டேன்.

மொத்தம் எவ்வளவு தூரம்? தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டணுமா?

சுற்றுவழிகளையும் சேர்த்து என் மீட்டர் காட்டியது 1,870 கிலோமீட்டர். 38 நாளில் ஏழு நாள் ஓய்வு. மீதி நாட்களில் சராசரியாக 60 கிலோமீட்டர் வரும். எனக்கு வயது 47, முழங்காலும் சுமார்தான். காலை ஐந்தரைக்குக் கிளம்பி பதினொரு மணிக்குள் முக்கால்வாசி ஓட்டிவிடுவேன். பதினொன்றுக்குப் பிறகு ஏன் ஓட்டுவதில்லை என்பதைக் கீழே சொல்கிறேன். வெயில் மட்டும் காரணமில்லை.

வழி: நின் பின், வின், டோங் ஹோய், ஹுவே, டா நாங், ஹோய் ஆன், குவி ஞோன், ஞா ட்ராங், பான் ராங், பான் தியெட். பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே போகும்.

விசா கஷ்டமா?

இல்லை. இணையத்தில் இ-விசா வாங்கலாம். ஒரு முறை நுழைய 25 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். சைக்கிள்காரனுக்கு அது தாராளம். விண்ணப்பத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலும் அப்பா பெயரும் குழப்புவது நமக்கே உரிய தலைவலி.

எந்த மாசம் போறது நல்லது? வடக்கிலிருந்து தெற்கா, தெற்கிலிருந்து வடக்கா?

குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே போனால் பெரும்பாலும் முதுகில் தள்ளும். எதிர்த்திசையில் வந்த ஒரு பிரெஞ்சுக்காரரை டோங் ஹோய் தாண்டிப் பார்த்தேன். ஒரு வாரமாகக் காற்றோடு மல்லுக்கட்டிய முகம். நடு வியட்நாமில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழையும் வெள்ளமும் இருப்பதால் அந்த மாதங்கள் வேண்டாம்.

பிப்ரவரியில் வடக்கே ஒரு பூந்தூறல் விடாமல் பெய்யும். நனைக்காது, ஆனால் துணி காயவும் விடாது. டா நாங் போய்ச் சேரும்வரை ஈர ஜட்டியோடுதான் ஓட்டினேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. தெத் என்னும் சந்திரப் புத்தாண்டு வாரத்தில் மட்டும் கிளம்பாதீர்கள். 2025-இல் அது ஜனவரி 29. அப்போது ஊரே சொந்த ஊருக்குப் போய்விடும், சாப்பாட்டுக் கடை கிடைக்காது.

அந்த ட்ராஃபிக்ல சைக்கிளா? உயிரோட திரும்பி வந்ததே பெருசு!

சென்னையிலோ கோவையிலோ ஓட்டிப் பழகியவருக்கு அங்கே புதிதாகப் பயப்பட எதுவும் இல்லை. அந்த நாட்டில் 10 கோடி மக்கள், 7 கோடிக்கு மேல் பதிவான மோட்டார் சைக்கிள்கள். எல்லாம் ஓர் ஆற்றைப் போல ஓடும். நேராக, ஒரே வேகத்தில் போனால் ஆறு நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பயந்து திடீரென்று நிற்பதுதான் ஆபத்து.

நான் உண்மையில் பயந்தது முதல் எண் தேசிய நெடுஞ்சாலையின் லாரிகளுக்கு. அவர்களுடைய ஹார்ன் காதுக்குள் ஆணி அடிக்கும். ஓரத்தில் இரு சக்கர வாகனங்களுக்கான பகுதி இருக்கிறது. ஆனால் அதிலேயே எதிர்த்திசையில் கோழிக்கூடை கட்டிய வண்டி வரும், நெல்லும் காயும். முடிந்த இடத்திலெல்லாம் கிராமச் சாலைக்கு இறங்கிவிடுங்கள். புதிதாகப் போட்டிருக்கும் விரைவுச் சாலைகளில் சைக்கிளுக்கும் பைக்குக்கும் அனுமதியே கிடையாது. கைபேசி வரைபடம் அந்த வழியைக் காட்டினால் நம்பாதீர்கள்.

நெல்லு ரோட்ல காயுதுன்னீங்களே, அது மேல ஓட்டலாமா?

கூடாது. நம் ஊரில் கேழ்வரகையும் கொள்ளையும் சாலையில் பரப்பி, வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று விடுவார்கள். அங்கே கதிரடித்து முடித்த நெல்லைக் காயத்தான் போடுகிறார்கள். மிதித்தால் மணி உடையும். நீல நிற வலைத் துணியில் பாதிச் சாலை அகலத்துக்கு விரித்து, ஓரமாகக் கல்லோ செங்கலோ வைத்திருப்பார்கள். ஒரு பாட்டி வெறுங்காலால் நெல்லுக்குள் கோடு இழுத்தபடி நடந்துகொண்டே இருப்பார், புரட்டிவிடுவதற்கு.

குவி ஞோனுக்கு முன்னால் ஒரு கிராமத்தில், லாரிக்கு ஒதுங்கப்போய் இருபது அடி தூரம் நெல்லில் ஏறிவிட்டேன். பாட்டி திட்டினார். இறங்கி, அவர் நீட்டிய மரப்பலகையை வாங்கி, என் டயர் தடத்தை நானே இழுத்துச் சமன் செய்தேன். அப்புறம்தான் சிரித்தார்.

ராத்திரி எங்க தங்குனீங்க? டென்ட் தூக்கிட்டுப் போனீங்களா?

போகவில்லை. ஒவ்வொரு சின்ன ஊரிலும் "ஞா ஙி" என்று பலகை இருக்கும். ஞா என்றால் வீடு, ஙி என்றால் ஓய்வு. நம் அரிச்சுவடியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ங-வுக்கு அங்கே ஓயாத வேலை. அறை வாடகை 2 லட்சம் முதல் 3 லட்சம் டோங். பயப்பட வேண்டாம், ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டோங் என்பதால் 700 முதல் 1,000 ரூபாய்தான். அறையைப் பலர் மணிக்கணக்கிலும் எடுப்பார்கள். ஏனென்று கேட்காதீர்கள், மெத்தை விரிப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கீழ்த்தளம் அந்தக் குடும்பத்தின் கூடம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் ஒரு பக்கம் சோபா, மறுபக்கம் உயரத்தில் முன்னோர் பூஜை மாடம், ஊதுபத்தி, ஒரு தட்டில் ஆரஞ்சு, சில சமயம் பீர் டின். இரவு ஒன்பது மணிக்கு வீட்டு மோட்டார் பைக்குகளையெல்லாம் அந்தக் கூடத்துக்குள் ஏற்றுவார்கள், அவற்றோடு நம் சைக்கிளையும். ஒரு நாள்கூட நான் சைக்கிளைப் பூட்டவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் போலீஸ் பதிவுக்கு விவரம் எடுத்துக்கொள்வார்கள். ஓர் ஊரில் வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் வசதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருட்டில் இன்னும் 14 கிலோமீட்டர் ஓட்டினேன். அதனால் நாலு மணிக்கே அறை தேடுவது நல்லது.

நான் சுத்த சைவம். பட்டினியா?

இந்த ஒரு கேள்வியை மட்டும் நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள். பட்டினி இல்லை, ஆனால் ஒரு சொல் தெரிய வேண்டும்: "சய்". பௌத்த சைவ உணவு என்று பொருள். "தோய் அன் சய்" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவன். "இறைச்சி வேண்டாம்" என்று சைகை காட்டினால் இறைச்சியை எடுத்துவிட்டு எலும்புச் சாற்றிலேயே நூடுல்ஸைத் தருவார்கள், ஏமாற்றுவதாக அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. நானும் முதல் வாரம் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டுத்தான் விவரம் தெரிந்துகொண்டேன். "சய்" என்றால் மட்டும் முகம் மாறும். ஓ, அப்படியா என்று எழுந்து போய் வேறு பாத்திரத்தை எடுப்பார்கள்.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுகிறார்கள். நம் வீட்டு அமாவாசை, பௌர்ணமிதான். நான் கிளம்பிய பிப்ரவரி 12, சந்திர ஆண்டின் முதல் பௌர்ணமி. ஹனோயில் கோயில் வாசலெல்லாம் கூட்டம், சைவக் கடையில் உட்கார இடமில்லை. பிப்ரவரி 28, அடுத்த முதல் நாள், ஹுவேயில் இருந்தேன். பழைய அரச தலைநகர், மடாலயங்கள் நிறைந்த ஊர். வழக்கமாக மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டிக்காரம்மா அன்று காளானும் சோயாவும் போட்டு விற்றார். மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

மற்ற நாட்களில் "கொம் பின் ஸான்", அதாவது சாதாரணச் சாப்பாட்டுக் கடை. தட்டுகளில் இருப்பதைக் கைகாட்டி எடுத்துக்கொள்ளலாம்: சோறு, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, தக்காளியில் போட்ட டோஃபு. கீரையில் மீன் சாறு விழுந்திருக்கலாம். நூறு சதவீதம் சுத்தம் வேண்டும் என்றால் "சய்" கடைதான், சின்ன ஊரில் அது இருக்காது. பையில் வேர்க்கடலை, வாழைப்பழம், எங்கும் கிடைக்கும் ரொட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடி பதினோராம் நாள் தீர்ந்தது. அன்று கொஞ்சம் சோகமாகத்தான் இருந்தது.

மத்தியானம் ரோட்ல ஆளே இருக்காதாமே? எங்க போயிடறாங்க?

தூங்குகிறார்கள். பதினொன்றுக்குச் சாப்பாடு, பதினொன்றரைக்குப் படுக்கை, ஒன்றரைக்கு எழுந்திருப்பது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் கட்டிலில், கட்டட வேலைக்காரர் செங்கல் நிழலில், வாடகை பைக்காரர் தன் பைக்கின் மேலேயே மல்லாந்து. விடிகாலை நாலரை ஐந்துக்கே எழுந்துவிடுகிற நாடு அது. கிராமங்களில் கம்பத்து ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடும்.

நமக்கான இடம் ஊஞ்சல் காபிக்கடை. "கா ஃபே வோங்" என்று பலகை இருக்கும். நடுப்பகுதியிலும் தெற்கிலும் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் உண்டு. ஓலைக் கூரைக்கடியில் இரும்புச் சட்டங்களில் இருபது முப்பது வலைத்தூளிகள். ஒரு கரும்புச்சாறு 10,000 டோங், அதாவது முப்பத்தைந்து ரூபாய் கூட இல்லை. அதை வாங்கினால் இரண்டு மணி நேரம் தூளி உங்களுடையது. யாரும் எழுப்ப மாட்டார்கள். ஐஸ் போட்ட தேநீர் கேட்காமலே வந்துகொண்டிருக்கும். லாரி டிரைவர், சாக்லேட் விற்பவர், மீன்பெட்டிக்காரர் என்று வரிசையாகத் தொங்கிக் குறட்டை விடும் கூட்டத்தில் நானும் ஒருவனாகத் தூங்கியிருக்கிறேன். சாலையோரத்தில் இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்த நாட்டிலும் பார்க்கவில்லை. நம் புளியமரங்களை வெட்டாமல் இருந்திருந்தால் நமக்கும் ஒருவேளை வந்திருக்கும்.

காபி நம்ம ஃபில்டர் காபி மாதிரியா?

தூரத்து உறவு. அலுமினியத்தில் சின்னதாக ஒரு ஃபில்டர், பெயர் "ஃபின்". அதைக் கோப்பையின் தலையிலேயே உட்காரவைத்து வெந்நீர் ஊற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்க ஐந்து நிமிடமாகும், அதுவரை சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாம் டிகாக்‌ஷனை இறக்கி வைத்துக்கொண்டு பாலைக் காய்ச்சுவோம். அங்கே பசும்பால் பழக்கம் அவ்வளவாக இல்லை, கோப்பையின் அடியில் டின் பால் இருக்கும், மேலே ஐஸ். காபி ஏற்றுமதியில் பிரேசிலுக்கு அடுத்து அந்த நாடுதான், பெரும்பாலும் கசப்பு தூக்கலான ரொபஸ்டா. முதல் வாய் தித்திக்கும், இரண்டாவது வாய் கண்ணைத் திறக்கும். சூடாக, நுரையோடு, டபராவில் வேண்டும் என்று ஏங்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

பாஷை தெரியாம எப்படி?

கைபேசி மொழிபெயர்ப்பு, எண்கள், சிரிப்பு. எண்களை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். மற்ற சொற்களில் ராகம் மாறினால் பொருளே மாறிவிடும். "மா" என்பதை ஆறு விதமாகச் சொல்லலாம்: பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. நான் எதைச் சொன்னாலும் பேய் என்றுதான் விழுந்திருக்கும்.

பார்த்த உடனே வயசு கேக்கறாங்களாமே, கல்யாணம் ஆச்சான்னு வேற. மரியாதை இல்லாத ஜனங்களா?

நேர்மாறு. அந்த மொழியில் "நான்", "நீ" என்று பொதுவாகப் பேசுவது ஒட்டாத பேச்சு. உறவு சொல்லித்தான் பேச வேண்டும். எதிரில் இருப்பவர் அண்ணனா தம்பியா என்று தெரியாமல் வாக்கியத்தையே ஆரம்பிக்க முடியாது. "ஆன்" அண்ணன், "சி" அக்கா, "எம்" தம்பி தங்கை. அப்பாவின் தம்பி வயதுள்ளவர் "சூ", அப்பாவைவிட மூத்தவர் "பாக்". அப்பாவின் சகோதரரைச் சித்தப்பா, பெரியப்பா என்று பிரித்துப் பழகிய நமக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். எல்லாரையும் அங்கிள் என்று கூப்பிடும் ஐரோப்பியப் பயணிகளுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

துய் ஹோவாவுக்குத் தெற்கே ஒரு டீக்கடை அம்மா என் வயதைக் கேட்டார். உள்ளங்கையில் 1978 என்று எழுதிக் காட்டினேன். விரல்விட்டு எண்ணி, ஆண்டுக்கொரு விலங்கு வைக்கும் அவர்கள் கணக்கில் குதிரை ஆண்டு என்று கனைத்துக் காட்டினார். பிறகு தன்னைத் தொட்டு 1981 என்று எழுதி, சேவல் மாதிரிக் கூவினார். கணக்கு முடிந்தது: நான் "ஆன்", அவர் "எம்". அதற்குப் பிறகுதான் எந்த ஊர், எத்தனை பிள்ளை, ஏன் பஸ்ஸில் போகவில்லை என்ற கேள்விகளெல்லாம் வந்தன. கடைசிக் கேள்விக்கு மட்டும் திருப்தியான பதில் என்னிடம் இல்லை.

பஞ்சர் ஆனா?

மூன்று முறை ஆனது. பழைய டயரைத் தொங்கவிட்டு, "போம் வா" என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும் இடத்தில் நில்லுங்கள். போம் என்றால் காற்றடிப்பது, வா என்றால் ஒட்டுப்போடுவது. எனக்கு அது "வா" என்று கூப்பிடுவது போலவே இருக்கும். உங்கள் டியூபில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் மாற்று மூக்கு ஒன்று கையில் இருக்கட்டும். அவர்களுடைய கம்ப்ரஸர் மோட்டார் பைக் வால்வுக்கானது. ஸ்போக் அறுந்தால் பெரிய ஊர்வரை போக வேண்டியிருக்கும்.

காசு விஷயத்துல ஏமாத்துவாங்களா?

சுற்றுலா ஊர்களில் கொஞ்சம், கிராமத்தில் இல்லை. என்னை நான்தான் ஏமாற்றிக்கொண்டேன். 20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். ஒரு ரொட்டிக்கடையில் 20,000 என்று நினைத்து 5 லட்சத்தைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டேன். கடைக்காரப் பையன் பைக்கில் துரத்தி வந்து மீதியைக் கொடுத்தான். அதற்கப்புறம் 5 லட்சத்தைப் பாஸ்போர்ட் உறையில் தனியாக வைத்துக்கொண்டேன்.

ஹை வான் கணவாய் ஏற முடியுமா? டனல் இருக்காமே?

உச்சி 496 மீட்டர், ஏற்றம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் ஏறியவருக்கு இது மூச்சு வாங்கும் அளவுதான். 2005-இல் திறந்த சுரங்கப்பாதை 6 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் சைக்கிளை ஓட்டிப் போக முடியாது, வண்டியில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். ஆனால் கார்களும் பஸ்களும் சுரங்கத்துக்குள் போய்விட்டதால் மேலே நிம்மதி. பெட்ரோல் டேங்கர்களும் கால்நடை லாரிகளும் மட்டும் முனகிக்கொண்டு ஏறும். பன்றி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஏறும்போது வடக்கே பூந்தூறலும் மூட்டமும். உச்சியைத் தாண்டினால் வெயில். குளிர்காற்றை அந்த மலை தடுத்து நிறுத்துகிறது. மேலே சொன்ன ஈரத் துணி அன்று டா நாங்கில்தான் முழுசாகக் காய்ந்தது.

போர் நடந்த இடமெல்லாம் எப்படி இருக்கு?

1954-க்குப் பிறகு நாட்டை இரண்டாகப் பிரித்த பென் ஹாய் ஆறு ஒரு சின்ன ஆறு. பழைய பாலத்தின் ஒரு பாதி நீலம், மறு பாதி மஞ்சள். நடந்து கடக்க மூன்று நிமிடம் ஆகாது. அக்கரையில் எருமைகள் மேய்ந்தன.

அந்தக் குவாங் ட்ரி பகுதியில் ஒரே ஒரு எச்சரிக்கை: அவசரத்துக்குக்கூட சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள் போகாதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் இருக்கின்றன, விவசாயிகள் இன்றும் கண்டெடுக்கிறார்கள். பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை உண்டு. டென்ட் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றபடி போரைப் பற்றி யாரும் தானாகப் பேசவில்லை. சாலையோரம் வரிசையாக வெள்ளைக் கல்லறைகள் உள்ள தியாகிகள் மயானம் மட்டும் ஊருக்கு ஊர் வரும்.

மேப்ல இருக்கிற மாகாணப் பேரும் உங்க பதிவுல இருக்கிறதும் ஒத்துப்போகலையே?

நான் வந்த பிறகு, 2025 ஜூலை 1 முதல் 63 மாகாணங்களை 34 ஆகச் சேர்த்துவிட்டார்கள். ஊர்ப் பெயரை வைத்து வழி தேடுங்கள்.

நம்ம ஊர் மாதிரி எங்கயாவது தோணுச்சா? நம்ம ஆளுங்க இருக்காங்களா?

பான் ராங். நாட்டிலேயே மழை குறைந்த பகுதி. உப்பளம், முள்செடி, ஆட்டு மந்தை. ராமநாதபுரத்தில் ஓட்டுகிறோமோ என்று இருக்கும், திராட்சைப் பந்தல் வந்தால்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு குன்றின் மேல் போ க்லோங் கராய் என்னும் சாம் மக்களின் செங்கல் கோயில். வாசல் மேலே ஆடும் சிவன், உள்ளே நந்தி, முகம் பொறித்த லிங்கம். அருங்காட்சியகம் என்று நினைத்துவிடாதீர்கள், சாம் மக்கள் இன்றும் கும்பிடும் கோயில்.

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் செட்டியார்கள் வட்டித் தொழிலுக்கும், புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசாங்க வேலைக்கும் அங்கே போனார்கள். இன்று கூட்டமாக வருவது வியட்நாமியர்கள். கருவறைக்குப் பின்புறம் போய்க் கல்சுவரில் நெற்றியை முட்டி, காதோடு சொல்வது போல் வேண்டுதலைச் சொல்கிறார்கள். என் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பெண் ஐந்து நிமிடம் பேசினார். நானும் முட்டினேன், தமிழில்.

உங்களுக்குப் பிடிக்காதது ஒண்ணுமே இல்லையா?

கரோக்கி. சக்கரம் வைத்த ஸ்பீக்கரை வாசலில் வைத்துக்கொண்டு மாலை முழுக்கப் பாடுவார்கள். தாளம் சேராதவர்தான் அதிக நேரம் பாடுவார். கல்யாணப் பந்தல் பாதிச் சாலையை அடைத்து நிற்கும், அது நமக்குப் புதிதில்லை. வடக்கே நாய்க்கறிக் கடைப் பலகைகளைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சைக்கிளை எப்படித் திருப்பிக் கொண்டு வந்தீங்க?

சைகோனில் சைக்கிள் கடைகளில் கேட்டால் புது சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைத் தருவார்கள். பெடல், முன்சக்கரம், ஹேண்டில்பாரைக் கழற்றிப் படுக்கவைத்தால் அடங்கிவிடும். வழியில் ரயிலில் அனுப்ப நினைத்தால், பல நிலையங்களில் சைக்கிளைச் சரக்காகத்தான் எடுப்பார்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அது வேறு வண்டியில் வரலாம். பஸ்காரரிடம் பேரம் பேசி அடியில் போடுவது எளிது.

கட்டுவதற்கு முன் நன்றாகக் கழுவுங்கள். நானும் கழுவினேன். ஆனாலும் வீட்டில் பிரித்தபோது பின் மட்கார்டுக்குள் சேற்றோடு ஒட்டி ஒரு கைப்பிடி நெல் உதிர்ந்தது. அந்தப் பாட்டியுடையதாகத்தான் இருக்கும்.